கண் அரிக்கிறதா, காய்கிறதா? மலையகத்தின் காய்ந்த மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

தை பிறந்ததும் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் காற்று மாறிவிடும். மழை ஒதுங்கும். நுவரெலியாவில் விடியற்காலைப் புல்லில் துகள்பனி உறைந்து கிடக்கும். பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறும். தேயிலைக்கு இது நல்ல காலம். இந்தப் பக்கத்துத் திம்புள்ளைத் தேயிலைக்கு மணம் கூடுவது ஜனவரி முதல் மார்ச் வரை அடிக்கும் இந்தக் காய்ந்த குளிர்காற்றில்தான். ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, அப்புத்தளையில், அதே வேலையை ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் காற்று செய்கிறது. கொழுந்தின் ஈரத்தை இழுக்கிற அந்தக் காற்று கண்ணின் ஈரத்தையும் சேர்த்தே இழுக்கிறது. அதோடு புழுதி, புல்லின் மகரந்தம், பெட்டியிலிருந்து வெளியே வந்த கம்பளி, குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு எரிக்கும் அடுப்பு. எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணைத் தேடி வருகின்றன.

குளிர்நாடுகளில் இதை வசந்தகால ஒவ்வாமை என்பார்கள். பனி உருகி மரங்கள் பூக்கும் இரண்டு மூன்று மாதங்களோடு அங்கே அது பெரும்பாலும் அடங்கிவிடும். நமக்கு அப்படி ஒரு வசந்தம் இல்லை. தூசிப்பூச்சியும் பூஞ்சணமும் ஆண்டு முழுக்க வீட்டுக்குள் இருக்கின்றன. காய்ந்த மாதங்கள் அவற்றோடு காற்றையும் புழுதியையும் சேர்த்துவிடுகின்றன. முதல் தடவையாகக் கண் தொல்லை கொடுக்கிறவர்களுக்கும், வேலைக்காகவோ படிப்புக்காகவோ மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் என்று நினைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் பிரித்துப் பாருங்கள்

கண்ணில் எதையும் ஊற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: அரிக்கிறதா, எரிகிறதா?

அரிப்புத்தான் முதன்மை என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. இரண்டு கண்ணும் அரிக்கும், மூக்கோரத்து மூலையில் கூடுதலாக. தெளிந்த தண்ணீர் வடியும், இமை வீங்கும், கூடவே தும்மலும் மூக்கொழுகலும் இருக்கும். மணல் விழுந்தது போன்ற உறுத்தல், எரிச்சல், மாலையாக ஆக ஒரு பாரம், கண்ணைச் சிமிட்டினால் சற்றுத் தெளிந்து மறுபடி மங்கும் பார்வை: இவை வறட்சியின் குணங்கள். வறண்ட கண்ணிலும் தண்ணீர் கொட்டும் என்பது பலரைக் குழப்புகிறது. உறுத்தல் தாங்காமல் கண் அவசரமாகச் சுரக்கும் தண்ணீர் அது. அதில் எண்ணெய்ப் பசை போதாது, அதனால் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும்.

காலையில் இமைகள் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணில் தொடங்கி மற்றதுக்குப் பரவினால் அது தொற்றாக இருக்கலாம். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாகச் சதை வளர்ந்து அங்கே மட்டும் சிவந்திருந்தால், அதை அலர்ஜி மருந்து மாற்றாது, டொக்டரிடம் காட்டுங்கள்.

அரிப்பும் வறட்சியும் ஒருவருக்கே சேர்ந்தும் வரும். ஒவ்வாமை நீடித்தால் கண்ணீர்ப் படலம் கெடும். படலம் கெட்டால் விழுந்த தூசியைக் கழுவ ஆளில்லை, ஒவ்வாமை கூடும். அப்படியானவர்கள் அரிப்பை முதலில் அடக்குங்கள். தேய்க்கிற கை நிற்காத வரை வேறெதுவும் பலிக்காது.

அரிப்புக்கு: கையை நிறுத்து, குளிரை வை

கண்ணைத் தேய்த்தால் அரை நிமிடம் சுகம். ஆனால் இமையின் உட்புறத்தில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற அணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை நிறைத்து வைத்திருக்கின்றன. தேய்க்கத் தேய்க்க அவை உடைந்து இன்னும் ஹிஸ்டமின் கொட்டும், இன்னும் அரிக்கும். வருடக்கணக்கில் முட்டிக்கையால் தேய்க்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி மெலிந்து கூம்பு போலத் தள்ளும் ஆபத்தும் உண்டு. அதற்குப் பிறகு சாதாரணக் கண்ணாடி போதாது.

தேய்க்கும் ஆசை வரும்போது செய்ய வேண்டியது இது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான கைக்குட்டையைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்கள் மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். இங்கே அதற்குப் பிரிஜ் தேவையில்லை, தை மாதத்துக் குழாய்த் தண்ணீரே போதும். ஐஸ்கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். நாளைக்கு மூன்று, நான்கு தடவை வைக்கலாம். துணி ஆளுக்கு ஒன்று. வீட்டில் எல்லோரும் ஒரே துவாயில் முகம் துடைப்பது இந்த மாதங்களில் மட்டுமாவது நிற்கட்டும்.

வெளியிலிருந்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தையும் இமையோரத்தையும் கழுவுங்கள். தலைமயிரில் தூசியும் மகரந்தமும் தங்கும், அதிலும் எண்ணெய் தேய்த்த தலையில் நன்றாக ஒட்டும். குளிக்காமல் படுத்தால் அது தலையணைக்குப் போய், இரவு முழுக்கக் கண்ணோடு கிடக்கும். குளிரில் தலைகுளிக்க முடியாத நாளில் ஈரத்துணியால் தலையைத் துடைத்து, துணி கட்டிக்கொண்டாவது படுங்கள்.

பைன் காட்டோரம் குடியிருப்பவர்கள் ஜன்னல் கட்டையில் படியும் மஞ்சள் தூளைக் காட்டி அதுதான் காரணம் என்பார்கள். பைன் மகரந்தம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கொட்டினாலும் ஒவ்வாமை கொடுப்பது அரிது. புல்லின் மகரந்தம்தான் உலகெங்கும் பெரிய குற்றவாளி. அது இப்படி மஞ்சளாகப் படிந்து தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

எந்தப் போத்தல்

குளிர்த்துணியும் கழுவுதலும் இரண்டு மூன்று நாளில் போதவில்லை என்றால் சொட்டு மருந்து. பாமசியில் போய் "கண் சிவந்திருக்கு, ஒரு சொட்டு தாங்க" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எந்த வகைப் போத்தலும் கைக்கு வரலாம். டொக்டரின் துண்டோடு போங்கள், போத்தலில் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

ஒலோபடடின், கீட்டோட்டிஃபென் என்ற இரண்டும் அரிப்புக்கான நல்ல மருந்துகள். ஹிஸ்டமினைத் தடுக்கும், அணுக்கள் உடைவதையும் தடுக்கும். 0.1 சதவீத ஒலோபடடினும் கீட்டோட்டிஃபெனும் வழக்கமாகக் கண்ணுக்கு ஒரு சொட்டு, காலையும் மாலையும். சில நிமிடங்களில் அரிப்புத் தணியத் தொடங்கும். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேட்காமல் போட வேண்டாம்.

சோடியம் குரோமோகிளைக்கேட் 2 சதவீதம் வேறு மாதிரி. நாளைக்கு நான்கு தடவை போட வேண்டும், முழுப் பலன் தெரியச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். "மூன்று நாள் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் இதுதான். இது வருமுன் காக்கும் மருந்து.

நஃபஸோலின், டெட்ராஹைட்ரோஸோலின் என்று எழுதியிருந்தால் அது கண்ணை வெளுக்க வைக்கும் மருந்து. இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அவ்வளவுதான். மூன்று நாளுக்கு மேல் போட்டால், விட்டதும் முன்னைவிடச் சிவக்கும். சிவந்ததே என்று மறுபடி போடுவார்கள்.

டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீரொய்ட். அன்டிபயோட்டிக்கோடு கலந்தும் வரும். இதைப் போட்டால் ஒரே நாளில் கண் பளிச்சென்று ஆகும், ஆபத்தும் அதில்தான். "அன்றைக்கு எனக்கு நல்லா கேட்டிச்சி, நீயும் ரெண்டு சொட்டு போடு" என்று பக்கத்துக் காம்பிராவிலிருந்து வரும் போத்தல் பல நேரம் இந்த வகைதான். டொக்டரின் கண்காணிப்பு இல்லாமல் வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், கண்புரை வரும். வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியான மிலாறோ, மானாப் புல்லோ கீறிய கண்ணில் போட்டால் பூஞ்சைத் தொற்று கருவிழிக்குள் அமைதியாக வளரும். புண் தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். கண் டொக்டர் குறித்த நாளுக்கு, குறித்த அளவில் எழுதிக் கொடுத்தால் அதைப் போடுங்கள். இரவல் வாங்கிப் போடவே கூடாது.

ஒரு சொட்டைப் போடும் முறை

கையைக் கழுவித் துடையுங்கள். மல்லாந்து படுங்கள், அல்லது இஸ்தோப்பில் உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். இடக்கையின் சுட்டுவிரலால் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தால் உள்ளே இளஞ்சிவப்பில் சின்னப் பை ஒன்று திறக்கும். மருந்து விழ வேண்டிய இடம் அதுதான், கருவிழி அல்ல. போத்தலின் மூக்கு இமையையோ மயிரையோ தொடாமல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து, மேலே பார்த்தபடி ஒரு சொட்டு விடுங்கள். கண்ணை மெதுவாக மூடுங்கள், இறுக்கிச் சிமிட்டாதீர்கள். மூக்கோரத்துக் கண்மூலையை ஒரு விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அங்கே இருக்கும் சின்னத் துவாரம் வழியாகத்தான் மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் ஓடுகிறது. தொண்டையில் கசப்புத் தெரிந்தால் அழுத்தியது போதாது.

ஒரு சொட்டே அந்தப் பைக்கு அதிகம். இரண்டாவது சொட்டு முதலாவதையும் இழுத்துக்கொண்டு கன்னத்தில் வழியும். 5 மில்லிலீற்றர் போத்தலில் ஏறத்தாழ 100 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் நாளைக்கு இரு தடவை என்றால் 25 நாள் வர வேண்டும். பத்து நாளில் தீர்ந்தால் பாதிக்கு மேல் மருந்து கன்னத்துக்குப் போகிறது என்று அர்த்தம். இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவே 5 நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியில். திறந்த தேதியைப் போத்தலில் பேனையால் எழுதி, 28 நாளில், மிச்சம் இருந்தாலும், எறிந்துவிடுங்கள். தாளில் வேறு காலம் சொல்லியிருந்தால் அதன்படி.

கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண் சிவந்திருக்கும் நாட்களில் கண்ணாடிக்கு மாறுங்கள். சிவப்பு இல்லாத நாளிலும் சொட்டுப் போட்டு 15 நிமிடம் கழித்தே லென்ஸ்.

காய்கிற கண்ணுக்கு

செயற்கைக் கண்ணீர் என்று கேளுங்கள். கார்பொக்ஸிமெதில்செலுலோஸ், ஹைப்ரொமெலோஸ் என்ற பெயர்களில் இருக்கும். நாளைக்கு நான்கு தடவை வரை சாதாரணப் போத்தல் போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் பாதுகாப்பான் சேர்க்காத வகையைத் தேடுங்கள். பென்ஸல்கோனியம் குளோரைட் என்ற பாதுகாப்பான் அடிக்கடி பட்டால் அதுவே கண்ணின் மேற்பரப்பை உறுத்தும். அரிப்பு உள்ளவர்களுக்கும் இந்தக் கண்ணீர் உதவும். தூசியைக் கழுவி இறக்கும்.

கண்ணீர் ஆவியாகாமல் காப்பது அதன் மேலே படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்த எண்ணெய் இமை விளிம்பில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய்போல அது கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டால் வெந்நீர்த்துணிதான் வழி. மணிக்கட்டின் உட்புறம் தாங்கும் சூட்டில் துணியை நனைத்துப் பிழிந்து மூடிய இமைமேல் 10 நிமிடம். நுவரெலியாக் குளிரில் துணி ஒரு நிமிடத்தில் ஆறிவிடும். பக்கத்தில் பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்து அடிக்கடி நனைத்தால்தான் பயன். பிறகு சுத்தமான விரலால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுங்கள். அரிப்பு உக்கிரமாக இருக்கும் நாளில் சூடு வைக்காதீர்கள், வீக்கம் கூடும். அரிப்புக்குக் குளிர், வறட்சிக்குச் சூடு.

போனையோ கணினியையோ பார்க்கும்போது இமை கொட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை தலையை உயர்த்தி ஜன்னலுக்கு வெளியே மலையைப் பாருங்கள், பத்துத் தடவை முழுதாக மூடித் திறவுங்கள். மோட்டார் சைக்கிளில் ஹெல்மட் கண்ணாடியை இறக்குங்கள். பஸ்ஸில் ஜன்னலோரக் காற்றை முகத்தில் வாங்காதீர்கள்.

தும்மலுக்காக விழுங்கும் மாத்திரையையும் கவனியுங்கள். பிரிட்டன் என்று பலரும் சொல்லும் குளோர்பெனிரமின் மூக்கைக் காயவைப்பது போலவே கண்ணையும் வாயையும் காயவைக்கும், தூக்கமும் வரும். அதைப் போட்டுக்கொண்டு தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கவோ வண்டி ஓட்டவோ கூடாது. செட்டிரிஸின், லொரட்டடின் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் கண்ணும் வாயும் சேர்ந்து காய்ந்து மூட்டும் வலித்தால் அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும்.

வீட்டுக்குள்

கம்பளிதான் பலருடைய வீட்டில் முதல் சந்தேகநபர். மழைக்காலம் முழுக்கப் பெட்டியில் ஈரம் குடித்துக் கிடந்த கம்பளியை மார்கழிக் குளிரில் எடுத்து அப்படியே போர்த்துகிறோம். அதில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகளும் அவற்றின் எச்சமும். எடுத்ததும் முதலில் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் இருபுறமும் காயவையுங்கள். கண் தொல்லை இல்லாத ஒருவர் வாசலுக்கு அப்பால் வைத்துத் தட்டட்டும். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு தடவை வெந்நீரில் ஊறவையுங்கள். பூச்சி சாக 55 முதல் 60 பாகை வேண்டும். கொதிநீர் இரண்டு வாளிக்குக் குளிர்நீர் ஒரு வாளி கலந்தால் அந்தச் சூடு கிடைக்கும்; கையை விடாமல் கம்பால் அமுக்குங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

சுவர் மூலையில் கறுப்பாகப் படிந்திருக்கும் பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த தும்புத்தடியால் தட்டினால் அத்தனையும் காற்றில் ஏறும். கூட்டும்போதும் அப்படியே, முதலில் தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

அடுப்புப் புகைக்கு அலர்ஜி மருந்து வேலை செய்யாது, அது எரிச்சல். புகை கூடுவது ஈர விறகால். கவ்வாத்து மலையிலிருந்து வந்த மிலாறை அன்றைக்கே வைக்காமல், கூரை படும் இடத்தில் சில வாரம் காய்ந்ததை எரியுங்கள். சமைக்கும் நேரமாவது குசினியின் கதவையும் ஜன்னலையும் எதிரெதிராகத் திறந்து வையுங்கள். குளிருகிறதே என்று சாத்தினால் லயத்துக் காம்பிரா முழுக்கப் புகை கட்டி நிற்கும், பிள்ளை படிப்பதும் அங்கேதான்.

வேலைத்தளத்தில்

தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் இடத்தில் பறக்கும் நுண்தூசிக்கு, பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். சாதாரணக் கண்ணாடியின் ஓரத்தால் தூசி நுழையும். கவ்வாத்து வெட்டும்போதும் அதே கண்ணாடி, அங்கே குச்சி தெறிப்பதற்காக.

மருந்தடிக்கும்போது களைநாசினி தெறித்தாலோ, டொலமைட், சுண்ணாம்பு கண்ணில் விழுந்தாலோ அது ஒவ்வாமைக் கணக்கு அல்ல. பீலித் தண்ணீரோ ஓடைத் தண்ணீரோ, கிடைத்த சுத்தமான நீரை உடனே எடுங்கள். கொதிக்கவைத்து ஆறவைக்க நேரமில்லை. இமையை விரித்துப் பிடித்து 20 நிமிடமாவது விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். அதன் பிறகே ஆஸ்பத்திரிக்கு. களைநாசினியின் போத்தலையோ லேபலையோ கொண்டு போங்கள்.

மற்ற நாட்களில் கண்ணுக்குள் விட பீலித் தண்ணீர் வேண்டாம், கொதித்து ஆறிய நீர்தான். தாய்ப்பால், தேன், தேயிலைச் சாயத்தண்ணீர், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். அன்போடு சொல்லப்படும் வைத்தியங்கள்தான், ஆனால் கிருமி நீக்கப்படாத எதற்கும் கீறல் பட்ட கருவிழி ஈடுகொடுக்காது.

பிள்ளைகள்

ஐந்து வயதுக்கு மேல், அதிலும் பையன்களுக்கு, ஒவ்வொரு காய்ந்த காலமும் கண் கடுமையாக அரித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், நூல்போலப் பிசுபிசுப்பாகப் பீளை வந்தால் அது சாதாரண அலர்ஜி அல்ல. டொக்டர்மார் ஸ்பிரிங் கட்டார் என்று சொல்வது இதைத்தான். மேல் இமையின் உட்புறத்தில் கூழாங்கல் பாவியது போல முடிச்சுகள் இருக்கும். அவை கருவிழியை உரசிப் புண்ணாக்கலாம். பெரும்பாலும் பருவ வயதைக் கடக்கும்போது அடங்கிவிடும், ஆனால் அதுவரை கண் கிளினிக்கின் பார்வையில் இருக்க வேண்டும். "வகுப்பில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறான்" என்று டீச்சர் சொன்னால் சேட்டை என்று அடிக்காதீர்கள், கண்ணைக் காட்டுங்கள். மாலையில் தடுமாறி நடக்கும் பிள்ளைக்குக் கண் காய்ந்திருந்தால் விற்றமின் ஏ குறைவாக இருக்கலாம், அதையும் தள்ளிப் போடக் கூடாது.

எப்போது ஆஸ்பத்திரி

வலி, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கிச் சிமிட்டினாலும் தெளியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, குச்சியோ இலையோ பட்ட கண், லென்ஸ் போட்ட கண் சிவத்தல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினால், கண் டொக்டரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி அரச ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைக்குக் காசு இல்லை. இரவில் வண்டி கிடைக்காவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

போகும்போது இதுவரை போட்ட எல்லாப் போத்தல்களையும், இரவல் வாங்கியதையும்கூட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். டொக்டர் சிங்களத்தில் கதைத்தால் மூன்று சொல் போதும்: அரிக்கிறது என்பதற்குக் கசனவா, வலிக்கிறது என்பதற்கு ரிதெனவா, கண் தெரியவில்லை என்பதற்குப் பேன்னே நே. எல்லாவற்றுக்கும் ரிதெனவா என்று சொன்னால் அரிப்புக்கும் வலிக்கும் உள்ள வேறுபாடு அங்கே தொலைந்துவிடும்; மருந்தைத் தீர்மானிப்பதே அந்த வேறுபாடுதான்.

ஆண்டுதோறும் இது வருகிறவர்கள் அடுத்த தடவை டொக்டரிடம் குரோமோகிளைக்கேட்டை முன்கூட்டியே தொடங்கலாமா என்று கேளுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் என்றால் மார்கழி நடுவில், பதுளை, பண்டாரவளை என்றால் ஆனி தொடங்கும்போதே கலண்டரில் குறித்துவையுங்கள். கம்பளியை வெயிலில் போடுவதும் அதே வாரத்தில்.